மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போல்ட் உடைந்தால்...

பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டு செல்லவும், உர மூட்டை ஏற்றி வரவும் சிறு விவசாயிகள் பலருக்கு மோட்டார் சைக்கிளே துணையாக உள்ளது. எஞ்சினுக்கும் டயருக்கும் கிடைக்கும் கவனிப்பு ஸ்டாண்டுக்குக் கிடைப்பதில்லை. விரல் பருமனுள்ள ஒரு போல்ட் உடைந்தால், நிறுத்திய வண்டி சாய்ந்து அதிகாலையில் கறந்த பால் முழுதும் மண்ணில் போகும். அருகில் குழந்தை நின்றிருந்தால் இழப்பு பாலோடு நிற்காது.

உடைவது ஏன்?

20 லிட்டர் கேன்கள் இரண்டில் பால் நிறைந்தால் பாலின் எடை மட்டுமே சுமார் 41 கிலோ. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி மீது இவற்றைத் தொப்பென்று போடும்போது அதிர்ச்சி முழுவதும் போல்டில் இறங்குகிறது. ஸ்டாண்டின் நீளம் 25 செ.மீ., அதைப் பிடித்திருக்கும் காதுகளின் இடைவெளி 2 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். ஸ்டாண்டின் அடியில் பக்கவாட்டில் விழும் 1 கிலோ விசை, போல்ட் அருகே 12 கிலோவுக்கு மேல் பெருகிவிடும். கடப்பாரையால் கல்லை நெம்புவது போன்றதே இது. ஸ்டாண்டு போட்ட வண்டி மீது உட்கார்ந்து ஸ்டார்ட்டரை உதைப்பதும், சேற்றில் ஸ்டாண்டு புதைய நிறுத்துவதும் இதே தீங்கைச் செய்யும்.

உடைந்த முகத்தைப் பாருங்கள்

உடைந்த துண்டை எறிந்துவிடக் கூடாது. முகத்தின் ஒரு பகுதி துருவேறிக் கறுத்தும், மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்து நாளடைவில் வளர்ந்திருக்கிறது என்று பொருள். முகம் முழுதும் புதிதாக இருந்து, போல்டும் வளைந்திருந்தால் அளவுக்கு மீறிய சுமையே காரணம். போல்டின் உடல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. காரணத்தை அறியாமல் புது போல்ட் போட்டால் அதுவும் விரைவில் உடையும்.

உடைந்த துண்டை எடுத்தல்

எஞ்சினும் சைலன்சரும் ஆறிய பின், வண்டியைக் கெட்டியான தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியை உறுதியான தூணுடன் கயிற்றால் கட்டலாம். முதலில் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்டாண்டு மடங்கிய நிலையில் பெரும்பாலும் அதன் இழுவிசை குறைவு. கொக்கியில் உறுதியான கயிற்றை மாட்டி இழுத்தால் எளிதில் வரும். முகத்தை நேர் எதிரே வைக்கக் கூடாது. தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

துண்டு வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், துரு நீக்கும் எண்ணெய் அல்லது சிறிது டீசல் விட்டு இரவு முழுதும் ஊற விட்டு, மறுநாள் பிடிப்புக் குறட்டால் இறுகப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பலாம். ஓட்டையோடு ஓட்டையாக உடைந்திருந்தால், நடுவில் பஞ்சால் குறியிட்டு, 10 மி.மீ. போல்டுக்கு 5 மி.மீ. அளவில் துளையிட்டு, இடது மரை எக்ஸ்ட்ராக்டரால் எடுக்க வேண்டும். இதைப் பட்டறையில் விடுவதே நலம். துண்டின் மீது நட்டை வைத்து வெல்டிங் செய்தும் எடுப்பார்கள். அப்போது பாட்டரி இணைப்பைக் கழற்றி, ஊற விட்ட எண்ணெயை நன்கு துடைத்து, பெட்ரோல் டாங்கியை அப்புறப்படுத்திய பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும்.

எந்த போல்ட் வாங்குவது?

உடைந்த துண்டையும் நட்டையும் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பருமன், நீளம், மரை இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். 10 மி.மீ. போல்டில் 1.25, 1.5 என இரு மரைகள் உண்டு. மாற்றிப் போட்டு வலிந்து திருகினால் சட்டத்தின் மரையே அழிந்துவிடும். ஸ்டாண்டு சுழலும் அச்சு போல்டில் நடுவில் மரையற்ற வழவழப்பான பகுதி இருக்கும். முழுவதும் மரையுள்ள போல்டை அங்கே போட்டால், மரைப் பள்ளத்திலிருந்தே விரிசல் கிளம்பும். ஆகவே அச்சு போல்டை அந்த வண்டிக்குரியதாகவே வாங்குவது நல்லது.

ஸ்டாண்டைத் தாங்கும் தகட்டைச் சட்டத்துடன் இணைக்கும் போல்டுகளின் தலையில் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது 4.6 எண்ணுள்ள சாதாரண போல்டைப் போல இரு மடங்கு இழுவிசையைத் தாங்கும். இரண்டில் ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். மற்றதும் தன் பங்குக்கு மேல் சுமந்து சோர்ந்திருக்கும்.

பொருத்தும் முறை

துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் நீக்கி, காதுகளில் விரிசல் உண்டா என்று பார்க்கவும். விரிசல் இருந்தால் பட்டறையில் சரி செய்த பின்னரே போல்ட் போட வேண்டும். அச்சு போல்டின் வழவழப்பான பகுதியில் கிரீஸ் தடவ வேண்டும். நட்டை முடுக்கிய பின்னும் ஸ்டாண்டு தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டு அதிர்வில் எளிதில் கழலாது. அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது.

தகட்டு போல்டுகளை இறுக முடுக்க வேண்டும். வண்டிக் கையேட்டில் அளவு இல்லையெனில், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 8 மி.மீ. போல்டுக்கு சுமார் 12 கிலோ, 10 மி.மீ. போல்டுக்கு சுமார் 25 கிலோ இழுவை போதும். ஸ்பேனரில் குழாய் செருகி முறுக்குவது போல்டை நீட்டி வலுவிழக்கச் செய்யும்.

பின்னர் ஸ்பிரிங்கை மாட்டி, ஸ்டாண்டைப் பலமுறை மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். மடக்கிய ஸ்டாண்டு தானே கீழிறங்கினால் வண்டியை ஓட்டக் கூடாது. இடப்பக்க வளைவில் அது தரையில் தட்டி வண்டியைக் கவிழ்த்துவிடும். ஸ்டாண்டு அருகே சுவிட்ச் உள்ள வண்டிகளில் அதுவும் சரியாக வேலை செய்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தவிர்க்கும் வழி

சுமை ஏற்றுவதும் இறக்குவதும் நடு ஸ்டாண்டில்தான் நடக்க வேண்டும். இரு பக்கமும் எடை சமமாக இருப்பது அவசியம். ஒரு கேனை இறக்கும்போது மறுபக்கத்தை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். ஈர மண்ணில் ஸ்டாண்டின் கீழ் தட்டைக் கல் வைக்கலாம். மாதம் ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்துக் கிரீஸ் இட்டால், கேனில் ஊற்றிய பால் சிந்தாமல் சொசைட்டி சேரும்.