மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் தடுப்பூசியும்



பிறர் கொடுத்த உறுப்பால் மறுவாழ்வு பெற்றோர் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்று வெற்றியுடன் நடந்தது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டத்தை 2008-இல் தமிழக அரசு தொடங்கியது. உறுப்பு மாற்று உரிய நிபந்தனைகளுடன் ஆகுமானதே என்று 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது.

ஆனால், தாயோ மனைவியோ உடன்பிறந்தாரோ கொடுத்த சிறுநீரகத்தைக் காக்க ஒரு வேளை மாத்திரையையும் தவறவிடாத ஒருவர், தடுப்பூசி என்றதும் பின்வாங்குகிறார். 2021-இல் கொரோனா ஊசி வந்தபோது இந்தத் தயக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஊசி உறுப்பைக் கெடுத்துவிடுமா?

நம் உடல் அந்நியப் பொருளை எதிர்க்கும் இயல்புடையது. மாற்றுறுப்பையும் அது அந்நியமாகவே கருதும். ஆகவேதான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் கொடுக்கப்படுகின்றன. ஊசியோ எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது. அது உறுப்பின் மீது திரும்பிவிடுமோ என்பதே அச்சம். இது அர்த்தமற்ற அச்சமன்று. எனினும் ஊசி தூண்டுவது குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு எதிரான ஆற்றலையே. செயலிழந்த கிருமியால் ஆன ஊசிகளை மாற்றுறுப்பு பெற்றோருக்கு மருத்துவ உலகம் பரிந்துரைத்தே வருகிறது. ஊசி நன்கு பிடிக்கட்டும் என்று எண்ணித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் உறுப்புக்கு மெய்யான ஆபத்து.

2021 ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி காலமானதும் தமிழகமெங்கும் பீதி பரவியது. மத்திய அரசின் குழு ஆராய்ந்து, அம்மரணம் தற்செயலாக நேர்ந்ததே, ஊசியால் அன்று என அறிவித்தது. எந்த மருந்தும் பக்கவிளைவே அற்றதன்று. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது.

2. எல்லா ஊசிகளும் ஒன்றா?

இல்லை. இதை நன்கு மனத்தில் இருத்துக. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள், போலியோ சொட்டு மருந்து, பி.சி.ஜி. ஆகியவை வலுக்குறைத்த உயிருள்ள கிருமிகளால் ஆனவை. மாற்றுறுப்பு பெற்றவருக்கு இவை பொதுவாகக் கூடா. இன்ஃபுளூயன்ஸா ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி, ரண ஜன்னி ஊசி ஆகியவற்றை, மருத்துவர் குறிக்கும் காலத்தில் போட்டுக்கொள்ளலாம். அறுவைக்கு முன்பே வேண்டியவற்றை முடித்துக்கொள்வது மிகச் சிறந்தது.

3. பலன் குறைவு என்றால் எதற்கு?

அமெரிக்காவில் மாற்றுறுப்பு பெற்ற 658 பேரிடம் 2021-இல் நடந்த கொரோனா ஊசி ஆய்வில், இரண்டு தவணைக்குப் பிறகும் 54 விழுக்காட்டினருக்கே எதிர்ப்பொருள் தென்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் இத்தகையோருக்கு அங்கே மூன்றாம் தவணை அனுமதிக்கப்பட்டது. பலன் குறைவு என்பது கூடுதல் தவணைக்குக் காரணமேயன்றி, கைவிடுவதற்குக் காரணமன்று. எங்கள் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர், வேலியில் ஓர் இடம் பலவீனம் என்பதற்காக வேலியையே பிடுங்கிப் போடுவதில்லை.

4. தவக்குலுக்கு மாறானதா?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வினவியவருக்கு, கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அறுவையை ஏற்றது தவக்குலுக்கு மாறில்லை எனில், ஊசி மட்டும் எவ்வாறு மாறாகும்?

ஹராமான பொருள் கலந்துள்ளதோ எனவும் ஐயுறுகின்றனர். கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகியவற்றின் சேர்மானப் பட்டியலில் ஜெலட்டின் இல்லை. உயிருள்ள கிருமி ஊசிகள் சிலவற்றில் ஜெலட்டின் சேர்வதுண்டு. அவ்வகை ஊசிகள் இவர்களுக்குப் பொதுவாகப் போடப்படுவதில்லை. தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு.

5. ஹஜ்ஜுக்குச் செல்வோர் கவனத்திற்கு

நம் நாட்டு ஹாஜிகளுக்கு முகாம்களில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியுடன் போலியோ சொட்டு மருந்தும் கொடுப்பது வழக்கம். அச்சொட்டு மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. மாற்றுறுப்பு பெற்றவர் வெட்கப்படாமல் முன்னதாகவே அதைத் தெரிவித்துவிட வேண்டும். செயலிழந்த கிருமியால் ஆன போலியோ ஊசியும் உண்டு. அதுபற்றித் தம் மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும்.

6. வீட்டார் கடமை

நோயாளியின் உடலில் முழுப் பலன் கிட்டாதபோது, அவரைச் சூழ்ந்திருப்போரே அவருக்கு அரண். மனைவி மக்கள் யாவரும் தத்தம் ஊசிகளை முறையாகப் போட்டுக்கொள்க. வீட்டில் கைக்குழந்தை இருப்பின், போலியோ சொட்டு மருந்துக்கு முன் மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். சொட்டு மருந்து கொடுத்துவிட்டால், சில வாரங்களுக்கு அக்குழந்தையின் மலத்துணியை நோயாளி தொடாதிருக்கட்டும். மற்றோரும் சோப்பிட்டுக் கை கழுவுக.

உயிரோடிருக்கும் ஒருவர் தம் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்த உறுப்பு, இரட்டை அமானிதம். கொடுத்த அத்தாவும் அம்மாவும் காண, அது வதந்தியால் வீணாகலாமா? ஊரார் பேச்சை விட்டு, அறுவை செய்த மருத்துவரிடம், எந்த ஊசி, எப்போது என்று இம்மாதமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.