இதயத்துக்கு வயது என்ன?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் என் தந்தையார் பணி புரிகிறார். சென்ற ஆண்டு, தமது 49 ஆம் வயதில், இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் மருத்துவர். உயிர் பிழைத்து வீடு திரும்பியதும் அவர் என்னிடம் சொன்னது இது: "உங்க தாத்தாவும் இதுலதான் போனாரு. நாளைக்கு உனக்கும் வரும். நம்ம வம்சத்துச் சொத்துடா இது."

விலங்கியல் பயிலும் எனக்கு அச்சொல் உறுத்தியது. அதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. தோல் உரிந்து புதிதாவதுபோல் இதயத் தசை புதிதாவதில்லை. 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு செல்லே புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதியும் இல்லை. இதனை 2009 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகவே பிறப்பில் வந்த தசையைக் கொண்டே பெரும்பாலும் நாம் முதுமை அடைகிறோம். வயது ஏற ஏறத் தமனிகள் விறைக்கின்றன. இதயச் சுவர் தடிக்கிறது. இது எல்லோர்க்கும் பொது. ஆனால் வேகம் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது.

அந்த வேகத்தில் மரபுக்குப் பங்கு உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தண்டபாணி, ஐதராபாத் ஆய்வு மையத்தின் தங்கராஜ் முதலியோர் 2009 இல் ஒரு மரபணுக் குறையைப் பற்றி எழுதினர். இதயத் தசையின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரிடம் இக்குறை காணப்படுகிறது. இளமையில் தீங்கு வெளிப்படாது. நடுவயதுக்குப் பின்னரே இதயம் தளரத் தொடங்கும். பழுதான புரதத்தை இளஞ்செல்கள் அகற்றிவிடுகின்றன, முதிர்ந்த செல்களால் அது இயலுவதில்லை என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். குறை உடையோர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் கடுமை மிகுதி. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியாயின் தந்தையார் சொன்னது சரியா? பாதிதான் சரி. அவருக்கு வந்தது இந்தக் குறையன்று, தமனி அடைப்பு. அதிலும் மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்தவை மரபணுக்கள் மட்டுமல்ல. நாளுக்கு ஒரு கட்டு பீடி, கருவாடு, ஊறுகாய், 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்ற பேச்சு ஆகியனவும் வந்தன. வம்சத்துச் சொத்தில் இவற்றை யார் கணக்கெடுக்கிறார்கள்?

52 நாடுகளில் நடந்த, 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று, மாரடைப்புக்கான ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்பது காரணங்களால் விளைவதாகக் காட்டியது. புகை, கொழுப்பு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தொந்தி, மனக்கவலை, காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வருகிறது. பிற நாட்டினர்க்கு 59. 2016 இல் ஐம்பத்தையாயிரம் பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், மரபால் மிகுந்த ஆபத்துடையோரிலும், நல்ல பழக்கங்களுடன் வாழ்ந்தவர்க்கு இதய நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

என்னை மிகவும் வியக்க வைத்தது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966 இல் நடந்த சோதனை. இருபது வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். முப்பது ஆண்டுக்குப் பின் அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்கள் உடல் திறனை மிகுதியாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சியில், இழந்த ஆற்றலை அந்த ஐம்பது வயதினர் மீட்டனர்.

இதைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். பீடியை மருத்துவமனையிலேயே விட்டிருந்தார். மருத்துவர் அனுமதித்தபடி இப்போது மாலையில் நடக்கிறார்.

சென்ற மாதம் நானும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். 136/88. இருபது வயதுக்கு அது அதிகம் என்றார்கள். நானும் அவருடன் ஏரிக்கரையில் நடக்கிறேன். பெரும்பாலும் அவரே முன்னால் போகிறார்.