வீட்டினுள் சிறுநீர் கழிக்கும் நாய்: அடிக்கும் முன் ஆராய்ந்து பாருங்கள்

தோட்டத்திற்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக ஒரு நாயேனும் வளர்க்காத உழவர் குடும்பம் நம் பகுதியில் குறைவு. கோம்பை, சிப்பிப்பாறை, இராஜபாளையம் போன்ற பெயர் பெற்ற இனமானாலும், தெருவில் கண்டெடுத்து வளர்த்த நாட்டு நாயானாலும், மூன்று நான்கு வயது வரை வீட்டைத் தூய்மையாக வைத்திருந்த நாய் ஒருநாள் திடீரெனத் தாழ்வாரத்திலோ, நெல் மூட்டை அடுக்கிய அறையிலோ, கட்டில் காலிலோ சிறுநீர் கழிக்கத் தொடங்குவதுண்டு. வேறு சில நாய்கள் தோட்டத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட நாள் முதலே இவ்வாறு செய்யும்.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் மூன்று. நாயை அடிப்பது, அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்ப்பது, இரண்டிற்கும் திருந்தாவிட்டால் அடுத்த ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவருவது. இவற்றுள் எதுவும் பயன் தருவதில்லை. நாய் தான் அந்த நொடியில் செய்துகொண்டிருக்கும் செயலோடு மட்டுமே தண்டனையைச் சேர்த்துப் பார்க்கும். அரைமணி நேரத்திற்கு முன் கழித்த சிறுநீருக்காக இப்பொழுது அடித்தால், உங்களைக் கண்டால் அடி விழும் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். "தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது பாருங்கள்" என்று பலர் கூறுவர். அது குற்ற உணர்ச்சியன்று, அச்சம். அஞ்சிய நாய் பிறகு உங்கள் கண்முன் வெளியிலும் சிறுநீர் கழிக்கத் தயங்கி, யாருமில்லாத அறையைத் தேடிப் போகும். ஆகவே அடித்து வளர்த்த வீட்டில் இத்தொல்லை கூடுமேயன்றிக் குறையாது.

நாயைத் திருத்துமுன் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

ஈரத்தைப் பார்த்துக் காரணம் அறிதல்

எங்கே, எவ்வளவு, எப்பொழுது, எந்த நிலையில் என்ற நான்கையும் ஒரு வாரம் கவனித்து நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வாருங்கள். தூண், மூட்டை, கதவு நிலை, மிதிவண்டிச் சக்கரம் ஆகியவற்றின் மீது ஒரு சாண் அல்லது இரண்டு சாண் உயரத்தில் சிறிதளவே தெறித்திருந்தால் அது பெரும்பாலும் எல்லை குறிக்கும் செயல். தரையில் குளம்போல் நிறையத் தேங்கியிருந்தால் நாய் அடக்க முடியாமல் கழித்திருக்கிறது. படுத்திருந்த சாக்கு மட்டும் நனைந்திருந்தால் தூக்கத்தில் தானாகவே ஒழுகியிருக்கிறது. நீங்கள் அருகில் செல்லும்போது உடலைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டால் அது பயத்தினால் வருவது. இந்த நான்கிற்கும் பரிகாரம் வெவ்வேறு.

நோயாக இருக்கலாம்

இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென மாறினால் முதலில் நோயையே ஐயுற வேண்டும். சிறுநீர்ப்பையில் அழற்சி அல்லது கல் இருந்தால் நாய் அடிக்கடி முக்கிச் சிறிது சிறிதாகக் கழிக்கும். சிறுநீரில் இரத்தம் கலந்திருக்கலாம். நீரிழிவிலும் சிறுநீரகக் கோளாறிலும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து அதற்கேற்ப நிறையக் கழிக்கும். கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய், பருவத்திற்கு வந்து சில வாரங்கள் சென்றபின் சோர்ந்து, தீனி குறைந்து, தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். பின்புறம் சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும் இது உயிருக்கு ஆபத்தானது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அதேபோல் ஆண் நாய் காலைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால் கல் வழியை அடைத்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கருத்தடை செய்த பெட்டைகளில் சில, ஆண்டுகள் கழிந்தபின் தூக்கத்தில் சிறுநீரை அடக்க இயலாமல் போகின்றன. உருவத்தில் பெரிய நாய்களில் இது அதிகம். இதற்கு நல்ல மருந்து உண்டு. தூங்கும் நாய் தன்னையறியாமல் நனைத்ததற்காக அதனை அடிப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு நாள் முழுதும் நாயை மாட்டுத் தொட்டிப் பக்கம் விடாமல் கட்டி வைத்து, ஒரு லிட்டர் பாத்திரத்தால் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். 20 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் ஏறத்தாழ 1 முதல் 1¼ லிட்டர் வரை குடிப்பது இயல்பு. கோடையிலும், உலர்ந்த தீனி உண்ணும்போதும் சற்றுக் கூடும். கஞ்சியும் மோரும் உண்ணும் நாய்க்குக் குறையும். உடல் எடையில் கிலோ ஒன்றிற்கு 100 மில்லி, அதாவது இந்த நாய்க்கு 2 லிட்டர் என்ற அளவைத் தொடர்ந்து தாண்டினால் நோய் என்றே கொள்ள வேண்டும். ஆனால் எக்காரணத்தைக் கொண்டும் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரைக் குறைத்தால் நோய் முற்றும்.

மருத்துவரிடம் செல்லும்போது காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைத் தூய, உலர்ந்த புட்டியில் பிடித்துச் செல்வது பெரிதும் உதவும். நீண்ட பிடியுள்ள கரண்டியை மெல்ல நீட்டிப் பிடித்தால் நாய் மிரளாது. கையுறை அணிந்துகொள்ளுங்கள், அந்தக் கரண்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். புட்டியை ஓரிரு மணி நேரத்திற்குள் சேர்த்துவிட வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் சோதனை வசதி இல்லையெனில் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடலாம்.

வீட்டிற்கும் தொழுவத்திற்கும் வரும் ஆபத்து

நாற்றம் மட்டுமே தொல்லை என்று எண்ணிவிடக்கூடாது. லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் எலிகளிடமிருந்து நாய்க்குத் தொற்றும். தொற்றிய நாய் சில வேளைகளில் வெளியே எந்தக் குறியும் காட்டாமலேயே மாதக்கணக்கில் சிறுநீரில் கிருமியை வெளியிடும். ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் அக்கிருமி பிழைத்திருக்கும். வெறுங்காலோடு நடப்போரின் பித்தவெடிப்பு, முள் கிழித்த காயம், சேற்றுப்புண் ஆகியவை அது உடலில் நுழையும் வழிகள். மாடுகளில் இந்நோய் கன்று வீசுதலையும் பால் குறைவையும் உண்டாக்கும். மனிதர்க்குக் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றும். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஏற்படலாம். எலி நடமாடும் தானிய அறை, அதில் வேட்டைக்குச் செல்லும் நாய், அதே தரையில் தவழும் குழந்தை, இவை மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகளில் இதனை அலட்சியம் செய்யலாகாது.

நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் ஆகியவை காணப்பட்டால் அதன் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், நாய் நோயுற்றிருப்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இந்நோய்க்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது; உங்கள் நாய்க்குப் போடுவதில் அது உள்ளதா என்று கேட்டுப் போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியின் எல்லா வகைகளையும் அது தடுக்காது. எனவே எலி ஒழிப்பும் உடன் நடக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி இதனின்றும் வேறானது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

எல்லை குறிக்கும் ஆண் நாய்

இது நோயன்று. ஆண் நாய் வேறு நாயின் வாடை பட்ட பொருளைக் கண்டால் அதன்மேல் தன் வாடையை வைக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்து திரும்பிய காலிச் சாக்கு, சந்தைக்குப் போய்வந்த வண்டிச் சக்கரம், விருந்தினர் கழற்றிவிட்ட செருப்பு ஆகியவற்றில் ஊரிலுள்ள நாய்களின் வாடையெல்லாம் வந்துசேரும். சாக்கை உதறி வெயிலில் போட்டபின் வீட்டினுள் கொண்டுவருவதும், மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்கி, நாய் நெருங்காதவாறு படல் வைத்து மறைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். தெருவில் பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் நாட்களில் தொல்லை மிகும். ஆண்மை நீக்கம் செய்தால் பல நாய்களில் இப்பழக்கம் குறைகிறது. எல்லாவற்றிலும் முழுமையாக நின்றுவிடும் என்று உறுதி கூற இயலாது. பழக்கம் நெடுநாள் வேரூன்றுமுன் செய்வது நலம். இதனால் காவல் திறன் போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை.

பயத்தால் சொட்டவிடும் நாயை உரத்த குரலில் அழைக்காதீர்கள், அதன்மேல் குனியாதீர்கள். வெளியே அமர்ந்து பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, அது தானாக வரும்வரை பொறுத்திருங்கள். இதற்கு வேறு சிகிச்சை தேவையில்லை.

நேரம் தவறாமல் வெளியே அழைத்துச் செல்லுதல்

நோயுமில்லை, எல்லை குறிப்புமில்லை என்றால் குறை பெரும்பாலும் நம்மிடமே இருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் குண்டான் நிறையக் கஞ்சியோ பழைய சோற்று நீரோ ஊற்றி, பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் கட்டி, காலை ஆறு மணிக்கு அவிழ்த்துவிட்டால் எந்த நாய்தான் தாங்கும்? இரவுத் தீனியை மாலை ஆறு மணிக்கு மாற்றி, கெட்டியாகக் கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் எப்பொழுதும் இருக்கட்டும். படுக்குமுன் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

வளர்ந்த நாய்க்கும் குட்டிக்குக் கற்பிப்பது போலவே கற்பிக்க வேண்டும். பால் கறக்க எழும்போது, தீனி தின்றபின், நண்பகல் உறங்கி எழுந்தபின், மாலையில், இரவு படுக்குமுன் என ஐந்து வேளை கயிற்றில் பிடித்து ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வேலியோரம், எருக்குழி ஓரம் என எதுவானாலும் இடம் மாறக்கூடாது. காய்கறிப் பாத்தியும் கிணற்றடியும் வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கழித்து முடித்தவுடன், அங்கேயே, ஒரு துண்டுக் கருவாடோ அவித்த முட்டையோ கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். வீட்டிற்கு வந்தபின் கொடுத்தால் வீடு திரும்பியதற்குக் கூலி என்றே நாய் எண்ணும். கழிக்காவிட்டால் அழைத்துவந்து உங்கள் பக்கத்திலேயே கட்டி வைத்துக் கால்மணி நேரம் கழித்து மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டினுள் கழிக்கும்போதே கண்டால் கையைத் தட்டி நிறுத்தி உடனே வெளியே கொண்டுபோங்கள். அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மாதம் இடைவிடாது செய்தால் நல்ல மாற்றம் தெரியும். வீட்டில் ஒருவர் கற்பிக்க மற்றொருவர் அடித்தால் மாதம் வீணாகும்.

சிமெண்ட் தரையில் அடைத்து வளர்த்த குட்டியை விலைக்கு வாங்கியவர்கள், அது மண்ணில் போகாமல் வீட்டுத் தரையிலேயே போவதாகக் குறைகூறுவதுண்டு. குட்டிப் பருவத்தில் கால் பழகிய தரையையே நாய் தேடும். இத்தகைய நாய்க்கு முதல் சில நாட்கள் வெளியே களத்து மேட்டின் சிமெண்ட் ஓரத்தில் பழக்கி, பிறகு அதன்மேல் மண்ணைத் தூவிச் சிறிது சிறிதாக மண்ணுக்கு மாற்றலாம்.

தரையைக் கழுவும் முறை

வாடை இருக்கும்வரை நாய் அதே இடத்திற்குத் திரும்பும். ஈரத்தை மரத்தூளாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் இருமுறை கழுவி, நன்கு உலரவிடுங்கள். பினாயில் வாடையை மறைக்குமேயன்றி நீக்காது; நாய் அதை மிதித்துப் பாதத்தை நக்கினால் கேடு. சிறுநீரின் மீது நேராகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் ஆவி கிளம்பும். நோயுற்ற நாய் இருந்த இடத்திற்கு அதனைப் பயன்படுத்துவதானால், முதலில் நீரூற்றிக் கழுவியபின் கரைசலாக்கி ஊற்றிக் கதவைத் திறந்துவையுங்கள். நகரங்களில் செல்லப் பிராணிகளுக்கான கடைகளில் நொதி கலந்த கழுவு நீர் கிடைக்கிறது. அதை வாங்குவோர் அவ்விடத்தில் பினாயில் ஊற்றினால் நொதி வேலை செய்யாது.

மண் தரையாயின் சாணம் மெழுகுவது போதாது. மழைக்காலத்தில் தரை ஈரம் கோக்கும்போது வாடை மீண்டும் எழும். இரண்டு அங்குல ஆழத்திற்குச் சுரண்டி எடுத்து வெளியே போட்டு, புது மண் இட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தியபின் மெழுகுங்கள்.

பத்து வயதைக் கடந்த நாய்க்குக் கண்ணும் மூட்டும் மங்கியிருக்கும். வாசல் எது என்பதே சில நேரம் மறந்துபோகும். அதற்கு இனிப் பாடம் கற்பிக்க முடியாது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டியபின், படி ஏறி இறங்கத் தேவையில்லாத இடத்தில், வெளிவாசலுக்கு அருகில் பழைய சாக்கு இரண்டைத் தையுங்கள். ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்று அதன் படுக்கையாக இருக்கட்டும்.