கூண்டருகே உட்கார்ந்து கேள்

அன்புள்ள தங்கைக்கு,

ஜீப்ரா ஃபின்ச் குருவிகளின் பாட்டில் மரபணுக்களுக்கு என்ன பங்கு என்று ஆராயப் போகிறாயாம். கேட்டதும் மனம் நிறைந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவின் பெயர் உன் காதில் விழும். அதைக் கேட்டு மயங்கிவிடாதே.

லண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாயசைவுகளைக் கோத்துப் பேச வரவில்லை. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததுதான் காரணம் என்று 2001இல் தெரிந்தது. பேச்சுக்கான மரபணு அகப்பட்டுவிட்டது என்று உலகம் கொண்டாடியது. பறவைகள் சொன்ன கதையோ வேறு.

பெர்லினில் கான்ஸ்டன்ஸ் ஷார்ஃப் குழுவினர் ஆண் குஞ்சுகளின் மூளையில் ஏரியா எக்ஸ் என்ற பகுதிக்குள் வைரஸ் ஒன்றைச் செலுத்தி ஃபாக்ஸ்பி2இன் அளவைக் குறைத்தார்கள். 2007இல் வந்த முடிவைப் பொறுமையாகப் படி. குஞ்சுகள் ஊமையாகிவிடவில்லை, பாடின. ஆனால் ஆசானின், அதாவது கேட்டுக் கற்ற மூத்த ஆண் பறவையின், அசைகளில் சிலவற்றை விட்டுவிட்டன. மற்றவற்றைத் துல்லியமின்றிப் படியெடுத்தன. ஒரே அசையை ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றிப் பாடின. பழுதுபட்டது கற்கும் திறன்தான். பாட்டு எந்த மரபணுவிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த ஆய்வு 2018இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் மெட்ஸும் மைக்கேல் பிரெய்னார்டும் பெங்கலீஸ் ஃபின்ச்களை வைத்துச் செய்தது. பெற்ற தகப்பனின் பாட்டே காதில் விழாமல் குஞ்சுகளை வளர்த்தார்கள். கணினி ஒலிபரப்பிய பாட்டைக் கேட்டுக் கற்றவை, கேட்டறியாத அந்தத் தகப்பனின் வேகத்தை ஒட்டியே பாடின. உயிருள்ள ஆசானிடம் கற்றவற்றிலோ பரம்பரையின் பிடி தளர்ந்தது. ஆசானின் வேகம் ஓங்கியது. அப்படியானால் மரபின் பங்கு இத்தனை சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. கற்பித்தது யார், எப்படி என்பதைப் பொறுத்து அந்த எண்ணே மாறும்.

ஆகவே குறிப்பேட்டில் மரபணு வகையை எழுதும் அதே கவனத்தோடு ஆசான் எது, கூண்டில் வேறு எந்த ஆண் பறவைகள் இருந்தன, உடன்பிறந்த ஆண் குஞ்சுகள் எத்தனை என்பதையும் எழுது. ஒரே கூட்டில் ஆண் குஞ்சுகள் பல வளர்ந்தால் எல்லாமே தகப்பனின் பாட்டை முழுதாகக் கற்பதில்லை. இதைக் குறிக்காமல் விட்டால், அண்ணன் தம்பிகள் செய்ததை மரபணுவின் கணக்கில் ஏற்றிவிடுவாய்.

மறுபக்கமும் உண்டு. ஆசானே இல்லாமல் வளர்ந்த ஆண் ஜீப்ரா ஃபின்ச் கரகரப்பான, ஒழுங்கற்ற பாட்டைப் பாடும். அதனிடம் கற்கும் குஞ்சு அதைக் கொஞ்சம் திருத்திப் பாடும். அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம். மூன்று நான்கு தலைமுறைகளில் இயல்பான பாட்டுக்கு மிக நெருங்கிவிடுகின்றன. 2009இல் நியூயார்க்கில் ஓல்கா ஃபெஹெரும் ஓஃபர் செர்னிகோவ்ஸ்கியும் குழுவினரும் காட்டியது இது. மரபு பாட்டைத் தருவதில்லை; எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டும் தருகிறது. ஆய்வுக்கூடத்தில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

காலத்தைத் தவறவிடாதே. பொரிந்து இருபத்தைந்தாம் நாள் வாக்கில் குஞ்சு பாட்டை மனத்தில் பதிக்கத் தொடங்கும். தொண்ணூறாம் நாள் வாக்கில் அதன் பாட்டு உறைந்துவிடும். ஊசியை எடுக்கும் முன் இந்த வளர்ச்சி முழுவதையும், எதுவும் செய்யப்படாத ஒரு குஞ்சிடம், கூண்டருகே உட்கார்ந்து கேள். ஆசானின் பாட்டோடு ஒப்பிட்டு மென்பொருள் தரும் ஒற்றுமை மதிப்பெண் பிறகு வரட்டும்.

முதல் ஒலிவரைபடம் கிடைத்ததும் அனுப்பு. ஆசானுடையதையும் சேர்த்து அனுப்பு, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா