கொழுந்து சிவப்பதும் சீனி பார்ப்பதும்

ஸ்டோர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. மலையிலிருந்து வந்த கொழுந்து ராத்திரி முழுக்க வாடிக் கிடக்கிறது. பிறகு ரோலருக்குள் விழுந்து நசுங்கி வெளியே வருகிறது. அப்போதும் அது பச்சைதான். பரப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பச்சை போய்ச் செப்புக்காசு நிறம் வந்திருக்கும். வாசமும் மாறியிருக்கும். யாரும் சாயம் ஊற்றவில்லை, நெருப்பும் காட்டவில்லை. பின்னே இது யார் செய்த வேலை?

கொழுந்துக்குள்ளேயே இருக்கிற ஒரு பொருள் செய்த வேலை. அதற்கு நொதியம் என்று பெயர். பெரிய வகுப்பில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்லும். நம் உடம்பிலும், இலையிலும், ரொட்டியில் படிகிற பூஞ்சணத்திலும், உயிருள்ள எல்லாவற்றிலும் நொதியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. கவ்வாத்துக் கத்தி கவ்வாத்துக்கு மட்டும்தானே? அதை வைத்துக் கொழுந்து எடுக்க முடியுமா? அப்படித்தான் இதுவும்.

இலை முழுசாக இருக்கும்வரை நொதியம் ஒரு அறையிலும், அது வேலை செய்யவேண்டிய சாறு வேறொரு அறையிலும் இருக்கும். ரோலர் நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து அந்தச் சாற்றோடு சேர்த்து நிறத்தை மாற்றுவது இந்த நொதியம்தான். புளிக்க வைப்பது என்று நாம் சொன்னாலும் தோசை மாப் புளிப்பதுபோல இதில் கிருமி எதுவும் வேலை செய்வதில்லை. நிறம் சரியாக வந்ததும் டிரையருக்குள் தள்ளுகிறோம். சூடு பட்டதும் நொதியம் செத்துவிடும், நிறம் அங்கேயே நின்றுவிடும். பச்சைத் தேயிலை செய்யும் இடங்களில் கொழுந்தை முதலிலேயே ஆவியில் காட்டிவிடுவார்கள். நொதியம் முன்கூட்டியே செத்துப்போவதால் அந்தத் தூள் சிவப்பதே இல்லை.

சரி, நலன் பக்கத்தில் ஸ்டோர் கதை எதற்கு என்று கேட்பீர்கள். லயத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் ஒரு சின்ன மெஷினும் ஒரு போத்தல் ஸ்ட்ரிப்பும் இருப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை அந்தத் துண்டில் தொட்டால் மெஷினில் இலக்கம் வருகிறது. அந்தத் துண்டின் நுனியில் இருப்பதும் ஒரு நொதியம்தான், கொழுந்தைச் சிவக்க வைக்கும் நொதியத்துக்குத் தூரத்து உறவு. இது தெரியாமல் ஸ்ட்ரிப்பைப் பாவித்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் இனிப்பு நோய் என்று பழைய வைத்தியர்களுக்கே தெரியும். ஆனால் எவ்வளவு இனிப்பு என்று எறும்பு சொல்லாது. அமெரிக்காவில் ஸ்டான்லி பெனடிக்ட் என்ற இரசாயனவியலாளர் நீல நிறத்தில் ஒரு செப்புக் கரைசல் செய்தார். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இருக்கிற அளவுக்கு நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், மிஞ்சினால் செங்கல் நிறமாகும். ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் விளக்கில் சோதனைக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பழைய ஆட்கள் இன்னும் இருப்பார்கள். இந்தச் சோதனைக்கு நெருப்பு வேண்டும், குழாய் வேண்டும், பழகிய கை வேண்டும். அதோடு செப்புக் கரைசலுக்கு ஆள் அடையாளம் தெரியாது. குளுக்கோசு இல்லாத வேறு சில பொருட்களுக்கும் அது நிறம் மாறிவிடும்.

1941இல் அமெரிக்காவின் எல்கார்ட் நகரிலிருந்த மைல்ஸ் என்ற மருந்துக் கம்பனி அந்தக் கரைசலை ஒரு மாத்திரையாக்கியது. மூத்திரத்தில் போட்டால் மாத்திரையே கொதிக்கும், விளக்குத் தேவையில்லை. ஆனால் அந்த மாத்திரை வாயில் பட்டால் வெந்துபோகும். மிட்டாய் என்று நினைத்து விழுங்கிய பிள்ளைகளும் உண்டு.

அதே கம்பனியில் 1944இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஹெலன் மரே என்ற இளம்பெண். அவர் பள்ளிக்கூட ஆசிரியையாக வேண்டும் என்று நினைத்துத்தான் கல்லூரிக்குப் போனவர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட்டதால் ஆய்வுகூடங்களில் ஆள் தட்டுப்பாடு. இரசாயனம் படிக்கச் சொன்னார்கள், படித்தார். கம்பனியில் அல்பிரட் ஃபிரீ என்ற ஆய்வாளரோடு வேலை செய்து, 1947இல் அவரையே கலியாணமும் செய்துகொண்டார். கொதிக்கவும் வேண்டாம், குழாயும் வேண்டாம், தோய்த்து எடுத்துப் பார்த்தால் போதும் என்கிற மாதிரி ஒரு சோதனை வேண்டும் என்று இருவரும் முயன்றார்கள்.

வழி நொதியத்தில் கிடைத்தது. பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் ஒரு நொதியம் குளுக்கோசை மட்டும்தான் தொடும், வேறு சீனியைச் சீண்டாது. குளுக்கோசோடு ஒட்சிசனைச் சேர்க்கும்போது ஐதரசன் பரவொட்சைட்டு என்ற பொருள் உண்டாகிறது. ஒரு காரமான வேரிலிருந்து எடுத்த இரண்டாவது நொதியம், அந்தப் பொருளைக் கொண்டு சாயத்தை நீலமாக்குகிறது. இரண்டு நொதியத்தையும் சாயத்தையும் வடிதாளில் தோய்த்துக் காயவைத்து, சிறு துண்டாக வெட்டினார்கள். 1956இல் கிளினிஸ்டிக்ஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் இருந்த சோதனை அன்றைக்கு வீட்டுக்கு வந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஹெலன் ஃபிரீ 2021இல் தமது 98ஆவது வயதில் காலமானார்.

இந்த மாதிரிக் கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் கொடுக்கும் பத்திரம்தான் பேட்டன்ட். நம் நாட்டில் ஆக்கவுரிமை என்கிறார்கள். அது ஒரு கொடுக்கல் வாங்கல். எப்படிச் செய்தேன் என்பதைக் கண்டுபிடித்தவர் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் அவர் அனுமதி இல்லாமல் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. காலம் முடிந்ததும் அது ஊர்ச்சொத்து. இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி 20 வருடம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.

பேட்டன்ட் என்றதும் பெரிய இயந்திரம் என்று நினைக்கவேண்டாம். நாம் சேலைக்குக் குத்துகிற ஊக்கு இருக்கிறதே, அதற்கும் 1849இல் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் பேட்டன்ட் எடுத்தார். 15 டொலர் கடனை அடைக்கவேண்டிய நெருக்கடியில் அந்த உரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார். வாங்கினவர்கள் பணக்காரரானார்கள். நொதியத்துக்கும் அப்படித்தான், ஃபிரீ தம்பதியர் முதல் ஆட்கள் இல்லை. 1894இலேயே ஜப்பானியரான தக்கமினே பூஞ்சணத்திலிருந்து சமிபாட்டு நொதியம் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கி, மருந்தாகவும் விற்கச் செய்தார்.

கிளினிஸ்டிக்ஸுக்குரிய கலவைக்கு 1958இல் அல்பிரட் ஃபிரீயின் பெயரில் பேட்டன்ட் கிடைத்தது. உரிமை கம்பனிக்கு. அப்போது அமெரிக்காவில் 17 வருடக் கணக்கு. அதற்குள்ளேயே அடுத்த படிகளும் வந்துவிட்டன. 1965 வாக்கில் இரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் வந்தது. சரியாக ஒரு நிமிடம் வைத்திருந்து, தண்ணீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிடவேண்டும். 1970இல் அந்த நிறத்தைப் படித்து அளவு சொல்லும் மெஷின் வந்தது. அது ஒரு கிலோவுக்கு மேல் பாரம், டொக்டர்மாருக்கென்றே விற்றார்கள். 1962இல் லீலன்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் சொன்ன யோசனையை வைத்து, நொதியம் வேலை செய்யும்போது உண்டாகும் சிறு மின்சாரத்தை அளக்கும் வழியும் பிறந்தது. 1987இல் பேனா அளவு மெஷின் கடைக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. நிறம் போய் மின்சாரம் வந்தாலும் உள்ளே வேலை செய்வது நொதியம்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். பழைய உரிமைகள் காலாவதியானாலும், ஒவ்வொரு கம்பனியும் தன் ஸ்ட்ரிப்பைத் தன் மெஷினுக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி வடிவமைக்கிறது. மெஷின் ஒரு தடவைச் செலவு. ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் செலவு. குவைத்திலிருக்கும் மகள் ஆசையாக ஒரு மெஷின் அனுப்புகிறாள். கூடவே வந்த ஸ்ட்ரிப் முடிந்ததும் ஹட்டனிலோ பதுளையிலோ கடை கடையாகத் தேடினாலும் அந்த வகை கிடைப்பதில்லை. மெஷின் அலுமாரியில் தூங்குகிறது. ஆகவே மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊர் பார்மசியில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கிறது, என்ன விலை என்று கேட்டு, அதற்கேற்ற மெஷினை வாங்குவதுதான் புத்தி. பக்கத்து வீட்டு ஸ்ட்ரிப்பைக் கடன் வாங்கிச் செருகுவது வேண்டவே வேண்டாம்.

நான் பார்த்த ஒரு அம்மாயியின் கதையைச் சொல்கிறேன். வீட்டில் பார்த்தால் 90, 95 என்று வரும். "எனக்குச் சீனி எறங்கிருச்சி தம்பி" என்று மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிட்டார். கால் புண் ஆறாமல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே 270க்கு மேல். வீட்டில் போய்ப் பார்த்தால், ஸ்ட்ரிப் போத்தல் அடுப்புக்கு மேலே பரணில், மூடி அரைகுறையாக மூடியபடி. "ஈரம் படக்கூடாதுன்னு தானே தம்பி சூட்டுல வச்சேன்" என்றார். பாவம், அவர் யோசித்ததில் பாதி சரி. ஈரம் ஆகாது. ஆனால் டிரையருக்குள் கொழுந்துக்கு என்ன நடக்கிறது? அடுப்புச் சூட்டில் ஸ்ட்ரிப்பிலுள்ள நொதியமும் கெடும். கெட்ட ஸ்ட்ரிப் எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்றும் இல்லை, கூட்டியும் காட்டும். மெஷின் எப்போதும் போல இலக்கம் காட்டும், அதைப் பார்த்துச் சந்தேகம் வராது.

போத்தலில் எழுதியிருக்கும் சூட்டு அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 30 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். நம் பக்கத்து மூட்டமும் மழையும் தெரிந்ததுதானே, ஒரு துண்டை எடுத்தவுடனே மூடியை இறுக்க மூடவேண்டும். அந்தப் போத்தலிலேயே ஈரத்தை உறிஞ்சும் மருந்து இருக்கிறது. அதனால் ஸ்ட்ரிப்பைக் கடுதாசியில் சுற்றியோ வேறு டப்பாவிலோ வைக்கக்கூடாது. காலாவதித் திகதி ஒன்று, திறந்தபிறகு எத்தனை மாதம் என்பது இன்னொன்று. திறந்த திகதியைப் பேனாவால் போத்தலிலேயே எழுதி வையுங்கள். மார்கழி, தை மாதத்து விடியலில் மெஷினே வேலை செய்ய மறுக்கலாம். பல மெஷின்கள் 10 பாகைக்குக் கீழே அளக்காது. மெஷினையும் கையையும் கொஞ்சம் கதகதப்பாக்கிவிட்டுப் பார்க்கவேண்டும்.

கை கழுவாமல் பார்ப்பதுதான் நம்மிடத்தில் நடக்கும் பெரிய பிழை. பிளேன்டீக்குச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கையில் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சீனியையும் சேர்த்துத்தான் நொதியம் எண்ணும். இலக்கம் எகிறிவிடும். மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த கையும் அப்படியே. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்தபிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும்.

நல்ல மெஷின்கூட ஆய்வுகூடக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகாது. 2013இல் வந்த சர்வதேச அளவுகோல், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வித்தியாசத்தை அனுமதிக்கிறது. அதாவது 200 என்பது 170 ஆகவும் காட்டலாம், 230 ஆகவும் காட்டலாம். ஆகையால் வீட்டு இலக்கத்தைத் திகதியோடு கொப்பியில் எழுதி வைத்து, கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கிளினிக்குப் போகும் நாளில் மெஷினையும் கொண்டுபோய், அங்கே இரத்தம் எடுக்கும் நேரத்திலேயே வீட்டு மெஷினிலும் ஒரு தடவை பார்த்தால், அது நம்பத்தக்கதா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஊசி. ஒரு வீட்டில் சீனி பார்த்தால் பக்கத்து காம்பராக்காரரும் "எனக்கும் ஒருக்கா பாருங்க" என்று விரலை நீட்டுவது வழக்கம். ஸ்ட்ரிப்பை மாற்றுகிறார்கள், குத்தும் ஊசியை மாற்றுவதில்லை. ஈரல் அழற்சிக் கிருமி இப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். ஊசியை மாற்றினால் மட்டும் போதாது, குத்துகிற பேனாவையும் ஒருவருக்கு மேல் பாவிக்கக்கூடாது. பாவித்த ஊசிகளைக் கானில் எறியாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து வையுங்கள். போத்தல் நிறைந்ததும் அதை எங்கே ஒப்படைப்பது என்று தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டால் சொல்வார்கள்.