பெட்டிச் சாவி

போலாரத்தில் ஒரு வீடு. அண்ணன் முன்னாள் ராணுவ வீரர். இப்போது வங்கிக் காவலாளி. லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருக்கிறார். தம்பி கத்திக்குத்து வழக்கில் சிறைக்குப் போய், போன மாதம் வந்தவர்.

அண்ணன் வேலூருக்குப் புறப்பட்டார்.

“இது துப்பாக்கிப் பெட்டிச் சாவி. பத்திரமாக வைத்துக்கொள்” என்றார்.

“வேண்டாம் அண்ணா. மறுபடியும் ஜெயிலுக்குப் போக என்னால் முடியாது” என்றார் தம்பி.

தம்பி சொன்னது சரி. வன்முறைக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை பெற்றவர், அது முடிந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

அண்ணனோடு குடியிருக்கலாம். ஆனால் துப்பாக்கி தம்பியின் பொறுப்பில் இருக்கக் கூடாது. கையில் எடுக்காவிட்டாலும், தெரிந்தே தன் பொறுப்பில் இருந்தால் வைத்திருப்பதாகவே பொருள். 1972-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கூறியது. கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

அண்ணன் சாவியைத் தன்னோடு எடுத்துச் சென்றார்.

சிந்திப்போம்: தம்பி சாவியை வாங்கியிருந்தால் யார் யாருக்குத் துன்பம்?