கண்ணாடி மின்படிக்கட்டு

தமிழில் 'தாதி', 'செவிலி' என்னும் இரு சொற்களுமே பெண்ணை நினைவூட்டுபவை. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய். தாதிமை பயிலும் என்னைக் குறிக்க, 'ஆண்' என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கடந்த ஆண்டு வார்டுப் பயிற்சியின்போது நோயாளிகள் பலர் என்னை 'டாக்டர்' என்றே அழைத்தனர். உடன் பயின்ற தோழி காயத்திற்குக் கட்டுப் போடுவதில் என்னைவிடத் தேர்ந்தவள். அவளை 'மிஸ்ஸி' என்றனர். "நீ ஆம்பளப் பிள்ளை, சீக்கிரம் மேலே போயிடுவே," என்றார் மூத்த தாதி ஒருவர். மகிழ்ந்தேன். தோழியின் முகத்தைப் பார்த்ததும் அம்மகிழ்ச்சி குறைந்தது.

இந்நிலைக்குச் சமூகவியலில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ், தாதிமை, தொடக்கப்பள்ளி ஆசிரியம், நூலகம், சமூகப்பணி ஆகிய துறைகளைச் சேர்ந்த 76 ஆண்களையும் 23 பெண்களையும் பேட்டி கண்டு, 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்கள் மிகுந்த துறைகளில் பெண்களைத் தடுப்பது 'கண்ணாடிக் கூரை'. பெண்கள் மிகுந்த துறைகளிலோ ஆண்களை மேலே தூக்கிச் செல்வது 'கண்ணாடி மின்படிக்கட்டு' என்றார் அவர். அத்துறைகளிலும் மேலதிகாரிகள் பலர் ஆண்களாக இருப்பது அதற்கொரு காரணம். நின்ற இடத்திலேயே நிற்க விரும்பும் ஆணையும் அது விடுவதில்லை. சிறுவர் நூலகப் பகுதியிலேயே பணியாற்ற விரும்பிய ஒருவர், உயர முயலவில்லை என்று குறை கூறப்பட்டாராம்.

ஆனால், அப்படிக்கட்டு எல்லா ஆண்களையும் ஏற்றிக்கொள்வதில்லை. அமெரிக்கக் கறுப்பின ஆண் தாதியரை ஆராய்ந்த ஏடியா ஹார்வி விங்ஃபீல்ட், 2009இல் இதைச் சுட்டிக்காட்டினார். வெள்ளையரை மருத்துவர் என்று எண்ணிய நோயாளிகள், கறுப்பினத்தவரைத் துப்புரவுப் பணியாளர் என்று எண்ணினர். ஆக, தூக்கிவிடுவது திறமை மட்டுமன்று. பார்ப்பவர் மனத்திலுள்ள படமும்தான்.

தலைமைப் பொறுப்புக்கு ஆண்கள் வருவது தவறு என்று நான் கூறவில்லை. நானும் ஒருநாள் வர விரும்புகிறேன். ஆனால், நடந்து ஏறினேனா, தூக்கிச் செல்லப்பட்டேனா என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது யாரேனும் 'டாக்டர்' என்றழைத்தால், "நான் தாதி, ஐயா," என்கிறேன். கட்டுப் போட்டது தோழி என்றால், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.